எட்டு மில்லிமீட்டர்

மாதத்துக்கு ஒரு தடவை, அமாவாசைக் காலையில், கச்சால் தீவு எட்டு மில்லிமீட்டர் உயர்ந்தது.

விடியும்போது எழும்பும். பத்து மணிக்குள் நல்ல பிள்ளையாகப் பழைய இடத்துக்கு இறங்கிவிடும். தீவுகள் அப்படி நடந்துகொள்வதில்லை.

இளம்பரிதி அந்த வரைபடத்தை மூன்று மாதமாக முறைத்துக்கொண்டிருந்தான். வயது இருபத்தெட்டு. பள்ளிக்கரணையில் இருந்த நில அசைவு மையத்தில் சேர்ந்து ஒரு வருடம். மையம் செய்த வேலை சொல்வதற்குச் சுலபம். நிக்கோபார் தீவுகளில் அறுபது கான்கிரீட் தூண்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் வெள்ளையாக ஒரு உருண்டை மூடி, அதற்குள் ஆன்டெனா. இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களைக் கேட்டு, தூண் நேற்று நின்ற இடத்தில்தான் இன்றும் நிற்கிறதா என்று மில்லிமீட்டர் சுத்தமாகச் சொல்லிவிடும்.

நிற்காது. நாம் குடியிருக்கும் பாறைத்தட்டு அந்தத் தீவுகளுக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. வருடத்துக்கு ஒரு தீப்பெட்டி நீளம். நுழைகிற இடம் இறுகிப் பிடித்துக்கொண்டிருப்பதால் தீவுகளையும் கிழக்கே தள்ளிக்கொண்டு போகிறது. என்றைக்காவது பிடி விடும். விட்ட நிமிடம், தள்ளிய அத்தனை தூரத்தையும் தீவுகள் மேற்கே ஒரே தாவலில் திரும்பி எடுக்கும். கடல் எழுந்து வரும்.

பிடி விடுவதற்குச் சில மணி நேரம் முன்பே மெல்ல நழுவ ஆரம்பிக்கும், தூண்கள் திசை மாறி மேற்கே இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகரும் என்பது மையத்தின் நம்பிக்கை. அதைப் பிடித்துவிட்டால் ஊரைக் காலி பண்ணிவிடலாம். அப்படிப்பட்ட இடத்தில் கே-17 என்ற தூண் மட்டும் அமாவாசைக்கு அமாவாசை எட்டு மில்லிமீட்டர் எழுந்து உட்கார்ந்தால் யாருக்குத் தூக்கம் வரும்?

"ஓதம்டா," என்றான் ஷாகுல். அடுத்த நாற்காலிக்காரன். மேலப்பாளையம். "அமாவாசைக்குக் கடல் பொங்கும்லா? தண்ணி பாரத்துல தரை ஆடும்."

"பாரம்னா இறங்கணும். இது ஏறுது. பௌர்ணமிக்கும்தான் கடல் பொங்குது, அன்னிக்கு ஏன் சும்மா இருக்கு?"

"அப்ப பேய்தான் மாப்ளே. அமாவாசையும் அதுவுமா வேற யாரு வருவா?"

இயக்குநர் லூர்து மேரி சிரிக்கவில்லை. "யாரோ கை வைக்கிறாங்க. நேர்ல போய்ப் பாருங்க. ஆள் கிடைச்சா அங்கயே போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டு, சுத்தி முள்வேலி போட்டுட்டு வாங்க. அது அரசாங்கத்துக் கருவி, இளம்பரிதி. கோயில் மரம் இல்ல."

போனான்.

கச்சால் படகுத்துறையில் இறங்கியதும் தமிழ் காதில் விழுந்தது. ரப்பர் தோட்ட வேலைக்கென்று எழுபதுகளில் இலங்கையின் தேயிலை மலைகளிலிருந்து கொண்டுவந்து இறக்கப்பட்ட குடும்பங்கள். கப்பலே ஊரைத் தீர்மானித்த சனம். மோட்டார் சைக்கிளோடு ஒருத்தி காத்திருந்தாள். முப்பது வயதிருக்கும். சட்டைக் கையில் காய்ந்த ரப்பர் பால் பொருக்குத் தட்டியிருந்தது.

"நாந்தான் சார் தங்கேஸ்வரி. உங்க தூணுக்கு ஆயா."

"ஆயாவா?"

"மாசம் ரெண்டு தடவ சோலார் பலகையைத் தொடச்சு, பல்லி முட்டையெல்லாம் எடுத்துப் போடுறேன்ல. பெத்தவங்க மெட்ராசுல இருக்கீங்க. வந்து பாக்கறதில்ல."

மலைமேல் இருந்த குடியிருப்பைத் தாண்டி மேற்குக் கரைக்குப் பாதை இறங்கியது. இளம்பரிதி சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டான்.

"அமாவாசை அன்னிக்கு அந்தப் பக்கம் யாராவது வருவாங்களா?"

வண்டி ஒரு கணம் வேகம் குறைந்து மறுபடி எடுத்தது. "கடற்கரை சார். யாரு வேணா வருவாங்க."

மறுநாள் அமாவாசை. விடிகிற நேரத்துக்கு ஒரு சாய்ந்த தென்னைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். ஆள் வந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். ஒரு கையில் மூடி போட்ட தூக்கு, இன்னொரு கையில் செம்பு, தோளில் வெளுத்த துணி. தூணின் அடியில் கற்களை அடுக்கி ஏறி நின்றாள். மூடி இப்போது அவள் மார்பு உயரத்தில் இருந்தது.

தூக்கைத் திறந்தாள். ஆவி பறந்தது. முழங்கையை நீரில் வைத்துச் சூடு பார்த்தாள்.

அந்த முழங்கையிலேயே இளம்பரிதிக்குப் பாதி புரிந்துவிட்டது.

இடக்கையைக் குவித்து வெள்ளை மூடியின் ஒரு பக்கமாக அணைத்துக்கொண்டாள், நெற்றியிலிருந்து தண்ணீர் கண்ணுக்குள் வழியாமல் தடுக்கிற மாதிரி. செம்பால் மெல்ல ஊற்றினாள். ஏதோ பேசிக்கொண்டே ஊற்றினாள். துடைத்தாள். ஈரத்துணியைத் தலையில் சுற்றி முடிந்தாள். பிறகு இறங்கி, சற்றுத் தள்ளி மணலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

ஆன்டெனாவின் மேல் ஈரத்துணி. செயற்கைக்கோளிலிருந்து வரும் அலை அதைத் தாண்டும்போது கொஞ்சம் தாமதிக்கும். கணிப்பொறிக்குத் துணி தெரியாது. தீவு எழுந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும்.

"எங்கம்மா. பேரு அங்கம்மா." தங்கேஸ்வரி பின்னால் வந்து நின்றிருந்தாள். "போலீசுக்குச் சொல்லுவீங்களா?"

அவன் மணலில் உட்கார்ந்திருந்தவளையே பார்த்தான்.

"ரெண்டாயிரத்து நாலு சுனாமிக்கு முன்னாடி எங்க லயம், தோட்டத்து வரிசை வீடுங்க, இங்கதான் இருந்துச்சு. இப்ப தூண் நிக்குதே, அது எங்கம்மாவோட அடுப்படி. கைக்குழந்தை, மூணு மாசம். தலைக்கு ஊத்திக்கிட்டு இருந்தப்பதான் தண்ணி வந்துச்சு. சோப்பு போட்ட பிள்ளை சார். வழுக்கிடுச்சு. அப்பாவையும் காணோம், பிள்ளையையும் காணோம்."

"நீங்க அப்ப..."

"நான் பக்கத்து வீடு. ரெண்டு வயசு. எங்க வீட்ல யாரும் மிச்சமில்ல. என்னை மரத்துலேருந்து எறக்கினவங்க இவங்கதான். அப்புறம் கீழ விடவே இல்ல." சிரித்தாள். "நீங்க இந்தத் தூணை நட்டு, வெள்ளையா ஒரு தலையை வெச்சுட்டுப் போனீங்களா, மறு அமாவாசையே தண்ணி காய வெச்சுட்டாங்க. பாதி ஊத்தினது பாதியிலயே நிக்குதாம்."

அங்கம்மா வீட்டில் பால் இல்லாத தேத்தண்ணி கொடுத்தார்கள். அங்கம்மா அவனைத் தம்பி என்றாள். தூண் எதற்கு என்று கேட்டாள். அவன் சொல்லப் பார்த்தான். பாறை, தட்டு, நழுவல். பாதியில் அவள் கையை உயர்த்தினாள்.

"ரப்பர் ஷீட்டை ரெண்டு பேரு பிடிச்சு இழுக்கிற மாதிரியா?"

"ஆமாம்மா. அதேதான்."

"கையை விட்டு உருவிக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி விரலுக்கடியில கொஞ்சமா நழுவும் தம்பி. நமக்குத் தெரியும். தெரியறதுக்குள்ள போயிடும்."

"அந்த நழுவலைத்தான் இந்தத் தூணு சொல்லணும். சொன்னா எல்லாரையும் மேல ஏத்திடலாம்."

"முன்னாடியேவா?"

"முன்னாடியே."

அவன் ஜன்னல் வழியாகத் தூண் பக்கம் பார்த்தான். கீழே தூரத்தில், ஒரு வெளுத்த புள்ளியாகத் துணி காய்ந்துகொண்டிருந்தது. "வெயில் வந்தா எத்தனை மணிக்குக் காயும்?" என்று மட்டும் கேட்டான்.

"பத்து மணிக்குள்ள காஞ்சிடும். ஏன் தம்பி?"

"சும்மாதான்."

அவ்வளவுதான் அவன் கேட்டது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். தங்கேஸ்வரி தேத்தண்ணி இன்னும் வேணுமா என்றாள்.

சென்னை திரும்பியதும் அறிக்கையில் எழுதினான்: கடற்பறவைகள் மூடியின்மேல் உட்காருகின்றன. ஆபத்தில்லை. பிறகு நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தான். அமாவாசைகளில் காலை ஐந்து முதல் பத்து வரை கே-17 சொல்வதைக் கணக்கில் எடுக்காதே. அந்த வரிக்கு 'ஓதத் திருத்தம்' என்று பெயர் வைத்தான். மேடம் படித்துப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

ஷாகுலிடம் மட்டும் உண்மையைச் சொன்னான். ஷாகுல் வழக்கத்துக்கு விரோதமாகக் கேலி பண்ணவில்லை. "விடு மாப்ளே. மாசத்துல அஞ்சு மணி நேரம். அந்தப் புள்ள லீவு எடுத்துக்கட்டும்," என்றான்.

ஏழு வருடம் கே-17 அமாவாசைக்கு விடுமுறை எடுத்தது.

நடுவில் ஒரு தடவை மையம் தப்புப் பண்ணியது. இரண்டு தூண்கள் மேற்கே நகர்வதாகக் காட்ட, பக்கத்துத் தீவொன்றில் அபாயச் சங்கு ஊதினார்கள். நிலம் நடுங்கவில்லை. பயத்தில் ஒரே படகில் எல்லோரும் ஏறியதில் அது கவிழ்ந்தது. நாலு பேர். ஒருத்தி நிறைமாதம். அதன்பிறகு விதி இறுகியது: மூன்று தூண்கள் ஒரே திசையில் அரைமணி நேரம் விடாமல் நகர்ந்தால்தான் எச்சரிக்கை. அந்த நாலு பேரின் படங்களை லூர்து மேடம் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்கள்.

பிறகு அந்த மாசி அமாவாசை வந்தது.

காலை ஆறு இருபதுக்கு கே-9 மேற்கே ஒரு மில்லிமீட்டர் போனது. இரண்டு நிமிடத்தில் கே-12.

இளம்பரிதி காபியைக் கீழே வைத்தான்.

"ஷாகுல், இங்க வா."

ஆறரை. இரண்டும் நிற்கவில்லை. கே-9 இரண்டு மில்லிமீட்டர். கச்சாலின் மேற்குக் கரையில் மூன்றே தூண்கள். மூன்றாவது கே-17. அதன் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. அமாவாசை விடுமுறை.

"தடையை எடுத்துட்டுப் பாக்கலாம்," என்றான் ஷாகுல். சிரிப்பு போயிருந்தது.

"பாத்தா? இந்நேரம் துணி சுத்தியிருப்பாங்க. ஈரத்துணி எந்தப் பக்கம் வேணா இழுத்துக் காட்டும். கணிப்பொறி அதை மூணாவது தூண்னு எடுத்துக்கிட்டு எச்சரிக்கை குடுத்துடும். படகு ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு."

"நெஜமா இருந்தா மத்தத் தீவுத் தூணும் நகர ஆரம்பிக்கும். பாப்போம். தங்கேசுக்குப் போன் அடி. துணி இருக்கான்னு பாத்துச் சொல்லச் சொல்லு."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. ரப்பர் பால் வெட்டும் நேரத்தில் தோட்டத்தில் யாரும் செல்போன் வைத்துக்கொள்வதில்லை. பால் பட்டால் பிசின் மாதிரி ஒட்டிப் பாழாகிவிடும். எல்லோர் போனும் வீட்டில், சாமி படத்துக்குக் கீழே இருக்கும்.

ஏழு மணி. எட்டு. கே-9 மூன்று மில்லிமீட்டரில் நின்று யோசித்தது. மற்றத் தீவுகள் அசையவில்லை. ஒரு சாவியைத் தட்டினால் தடை போய்விடும். இளம்பரிதியின் விரல் இரண்டு தடவை அங்கே போயிற்று. இரண்டு தடவையும் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் அந்த நிறைமாதக்காரி நினைவுக்கு வந்தாள்.

பத்து மணிக்குத் தடை தானாக விலகியது. கே-17 வாய் திறந்தது. மேற்கே. நேற்றைக்கும் இன்றைக்கும் மூன்றரை மில்லிமீட்டர். இன்னும் போய்க்கொண்டிருந்தது.

விதிப்படி அரைமணி நேரம் காத்திருந்தது கணிப்பொறி. பத்தரைக்கு எச்சரிக்கை. கச்சால் முழுக்கச் சங்கு ஊதியது. பத்து ஐம்பத்தைந்துக்குப் பிடி விட்டது.

உலகத்தில் முதன்முறையாக ஒரு பெரும் நிலநடுக்கத்தை வருவதற்கு முன்பே சொன்னார்கள் என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. இருபத்தைந்து நிமிடம் முன்பு. கச்சாலில் மூவாயிரம் பேரில் முப்பத்தொரு பேர்தான் பலி. அந்தத் 'தான்' என்ற சொல்லை இளம்பரிதி நாளைக்கு நூறு தடவை கேட்டான். டெல்லியில் சால்வை போர்த்தினார்கள். ஒரு தொலைக்காட்சிப் பெண், அந்த இருபத்தைந்து நிமிடமும் உங்களுக்கு எப்படி இருந்தது சார் என்றாள்.

அவனுக்கு வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆறு இருபதோடு அரைமணி நேரம் கூட்டினால் ஆறு ஐம்பது. ஆறு ஐம்பதிலிருந்து பத்து ஐம்பத்தைந்து. நாலு மணி ஐந்து நிமிடம்.

முப்பத்தொரு பெயர்ப் பட்டியலில் இருபத்து மூன்றாவது: தங்கேஸ்வரி, 38, பால் நிறுப்பவர்.

"உன் மேல தப்பில்ல," என்றான் ஷாகுல். சாப்பாட்டு அறையில், மெதுவாக. "அந்த வரி இல்லாட்டியும் என்ன ஆயிருக்கும்? அந்தம்மா துணி சுத்தியிருக்கும். துணி ஆட்டமும் நில ஆட்டமும் கலந்து குழம்பியிருக்கும். யாராலயும் பிரிச்சிருக்க முடியாதுடா."

"ம்."

"அன்னிக்குள்ள மூலப் பதிவு கெடக்கே. திறந்து பாரேன். குழப்பமாத்தான் இருக்கும். நிம்மதியாயிடும்."

பதிவு கிடந்தது. கணக்கில் சேர்க்கப்படாவிட்டாலும், தூண் சொன்னதெல்லாம் ஒரு மூலையில் சேமிக்கப்பட்டிருக்கும். அமாவாசை, காலை ஐந்து முதல் பத்து வரை, கே-17. ஒரு தட்டு தட்டினால் திறக்கும். இரண்டு மாதமாக அவன் தட்டவில்லை. குழப்பமாகத்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பதற்கு அது மூடியிருப்பது அவசியமாக இருந்தது.

தூண்களைச் சரிபார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். அவனே பெயர் கொடுத்தான்.

தீவு மேற்கே ஒன்றேமுக்கால் மீட்டர் தாவியிருந்தது. முப்பத்தாறு வருடத் தீப்பெட்டிகள், ஒன்றரை நிமிடத்தில். கரையும் தாழ்ந்துவிட்டது. ஓதம் ஏறும்போது கே-17-இன் அடியில் முழங்கால் தண்ணீர் நின்றது. ஆனால் தூண் சாயவில்லை. மூடியில் ஒரு கீறல்கூட இல்லை.

அங்கம்மா தூணிலிருந்து பத்தடி தள்ளி, ஒரு விழுந்த மரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஏழு வருடத்தில் பதினைந்து வயது கூடியிருந்தது. அவனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உக்காருங்கம்மா."

"பேப்பர்ல உங்க படம் போட்டாங்களாமே. பாத்தவங்க சொன்னாங்க. நல்லாருங்க."

அவன் ஈர மணலில் உட்கார்ந்தான். அவளே பேச ஆரம்பித்தாள். குரல் தட்டையாக இருந்தது.

"சங்கு ஊதினப்ப அவ மேலதான் தம்பி இருந்தா. எடை போடற எடத்துல. கீழ பால் எடுக்கப் போனவங்களுக்குச் சங்கு கேக்காது. வண்டிய எடுத்துட்டா. ஒரு நடைக்கு ரெண்டு பேரு. மொத நடை கொண்டாந்து விட்டா. ரெண்டாவது நடை. மூணாவது வேணாம்டீன்னேன். இன்னும் முப்பது பேரு இருக்காங்கம்மா, நடந்து வந்துக்கிட்டு இருப்பாங்க, நடுவுல ஏத்திக்கறேன்னா. நடந்து வர ஒரு மணி நேரம் ஆகும் தம்பி அந்தப் பாதை."

ஒரு மணி நேரம். நாலு மணி ஐந்து நிமிடத்தில் அந்தப் பாதையை நாலு தடவை நடக்கலாம். பீடி பிடித்துக்கொண்டே நடக்கலாம்.

"கெடைக்கல. அவளும் கெடைக்கல," என்றாள் அங்கம்மா.

அலை வந்து தூணைத் தொட்டுவிட்டுப் போயிற்று.

"ஒண்ணு கேக்கணும் தம்பி. ரெண்டு மாசமா யாரைக் கேக்கறதுன்னு தெரியல. முன்னாடியே சொல்லும்னீங்களே, இந்தத் தூணு. இம்புட்டுத்தானா முன்னாடி? நான் அந்தக் காலத்துல சுடுதண்ணி ஊத்தி ஊத்தி உள்ள ஏதாவது கெட்டுப்போச்சா? என்னாலயா?"

இளம்பரிதி நிமிர்ந்தான். வேறொரு கேள்விதான் வெளியே வந்தது. இரண்டு மாதமாக அவனைத் தாங்கிக்கொண்டிருந்த கேள்வி.

"அன்னிக்கும் தலைக்கு ஊத்தினீங்களாம்மா? அமாவாசைல்ல அன்னிக்கு."

"அன்னிக்கா?" அவள் அவனை விநோதமாகப் பார்த்தாள். "நீங்க வந்துட்டுப் போன நாள்லேருந்து நான் அதைத் தொட்டதே இல்லியே."

அவன் தூணின் மூடியைப் பார்த்தான்.

"நீங்க வாயத் தொறந்து சொல்லல. எப்பக் காயும்னு கேட்டீங்கள்ல, அப்பவே தெரிஞ்சுபோச்சு. நான் ஊத்தறது மிஷினுக்கு ஆகல. சொன்னா நான் சங்கடப்படுவேன்னு இந்தப் புள்ள சொல்லாமப் போவுது. நாமளா நடந்துக்கணும்னு தங்கேசுக்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். ஊருக்கே சொல்லப்போற மிஷினு. என் ஒரு பிள்ளைக்காக அதைக் கெடுக்கலாமா? அமாவாசைக்கு வருவேன். இந்த மரத்தடியில உக்காந்து பாத்துட்டுப் போயிடுவேன். அன்னிக்கும் இங்கதான் இருந்தேன், ஏழு மணி வரைக்கும். காஞ்ச தலையோட சமத்தா நின்னுக்கிட்டு இருந்துச்சு."

இளம்பரிதி பையிலிருந்து பலகைக் கணிப்பொறியை எடுத்தான். இரண்டு தடவை தப்பாகத் தட்டினான். பதிவு திறந்தது.

குழப்பம் எதுவும் இல்லை. ஆறு இருபத்து நாலுக்கு ஒரு கோடு கிளம்பியது. மேற்கே. ஒரு பிசிறு, ஒரு நடுக்கம் கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளை அடிக்கோல் வைத்துப் போட்ட மாதிரி. பத்து மணி வரை அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

முந்தைய மாதத்தைத் திறந்தான். அமாவாசைக் காலை. தட்டையான கோடு. அதற்கு முந்தையது. தட்டை. எண்பத்தைந்து அமாவாசைகள். ஏழு வருடமாக எட்டு மில்லிமீட்டர் ஒரு தடவைகூட எழவில்லை. ஒரே ஒரு மாதம் எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

"கெடலம்மா," என்றான். "தூணு கெடவே இல்ல. சொல்லுச்சு. ஆறரைக்கே சொல்லுச்சு."

"அப்புறம்?"

சொன்னான். பறவைகள் என்று எழுதியது, ஒற்றை வரி, அதற்கு வைத்த பொய்ப் பெயர், இரண்டு தடவை விரல் போய்த் திரும்பியது. எதையும் குறைக்கவில்லை. நீங்கள் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. அவளுக்கு அது சொல்லாமலே புரிந்தது.

அங்கம்மா கத்தவில்லை. கையைக்கூட உயர்த்தவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் அவள் காலைத் தொட்டு, கணுக்கால் ஏறி, இறங்கிப் போயிற்று.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல தம்பி."

"ஆமாம்மா."

"நானும் சொல்லியனுப்பியிருக்கணுமோ? நிறுத்திட்டேன்னு?"

"இல்ல. கேட்டிருக்க வேண்டியவன் நான்."

அவள் தலையை ஆட்டினாள். ஏற்றுக்கொண்டதா, இல்லையா, தெரியவில்லை. பிறகு எழுந்து அலையில் இறங்கி நடந்து தூணருகே போய் நின்றாள். கடல் வந்ததில் பழைய கற்கள் போய்விட்டன. கையை உயர்த்தினாலும் மூடி எட்டவில்லை.

திரும்பிப் பார்த்தாள்.

"இன்னிக்கு ஒரு தடவ ஊத்திக்கவா? அவளுக்கு. கெட்டுப்போகும்னா வேணாம்."

ஏழு வருடத்தில் முதல் தடவையாக அவள் கேட்டாள். ஏழு வருடத்தில் முதல் தடவையாக யாரோ கேட்டார்கள்.

"ஊத்துங்கம்மா. ஒரு நிமிஷம்."

சாட்டிலைட் போனில் ஷாகுல் வந்தான்.

"கே-17 இன்னும் அரைமணி நேரத்துல தப்பாக் காட்டும். மேல எழும்பும். பதிவேட்டுல எழுதிக்க."

"இன்னிக்கு அமாவாசை இல்லியே மாப்ளே."

"இல்ல. செவ்வாக்கிழமை."

மறுமுனையில் சாவிகளைத் தட்டும் சத்தம் கேட்டது. "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. பறவைன்னு போட்டுரவா?"

"வேணாம். ஈரத்துணின்னு போடு. சுத்தினவங்க பேரு அங்கம்மா. மகளுக்காகன்னு போடு. அனுமதிச்சது நான்."

"மேடம் பாப்பாங்கடா. ஏன் எதுக்குன்னு தோண்டுவாங்க. ஓதத் திருத்தம் வரைக்கும் போயிடும்."

"போகட்டும். அந்தத் திருத்தம் என்னன்னு எழுதின கடுதாசி, குடுக்காமலே, என் மேஜை டிராயர்ல இருக்கு. எடுத்து அவங்ககிட்ட குடு."

விழுந்த மரத்திலிருந்து ஒரு துண்டை உருட்டி வந்து தூணுக்கடியில் வைத்தான். அவள் ஏறி நிற்கக் கை கொடுத்தான். அங்கம்மா தூக்கில் தண்ணீர் காய வைத்துக் கொண்டுவந்திருந்தாள். எப்படியும் கேட்பதென்று முடிவு பண்ணித்தான் வந்திருக்கிறாள் போலும். முழங்கையை உள்ளே வைத்துச் சூடு பார்த்தாள். இடக்கையால் நெற்றியை அணைத்துக்கொண்டாள். முப்பத்தெட்டு வயது மகளுக்குக் கண்ணில் தண்ணீர் போகக்கூடாது.

துணியாக அவள் சுற்றியது, கையெல்லாம் ரப்பர் பால் பொருக்குத் தட்டிய ஒரு சட்டை.

பள்ளிக்கரணையில், காலை எட்டு பத்துக்கு, திரையில் கச்சால் தீவு மெல்ல எழுந்தது. ஐந்து, ஆறு, எட்டு மில்லிமீட்டர். ஷாகுல் எழுந்து நின்றான். பக்கத்தில் இருந்தவர்கள் ஏன் என்று கேட்டார்கள். அவன் பதிவேட்டைக் காட்டினான்.